வேதி ஆபத்தும் வெடிகுண்டும்: கூட்டுப் பயிற்சியின் வரலாறு

அபாயகரமான வேதிப்பொருள் விபத்துகளைக் கையாளும் மீட்புக் குழுக்களும், வெடிகுண்டுகளைக் கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் குழுக்களும் ஒரே இடத்தில், ஒரே தலைமையின் கீழ் சேர்ந்து பணியாற்றப் பழகுவது கூட்டுப் பயிற்சி எனப்படும். இந்தியாவில் முதல் குழு பெரும்பாலும் தீயணைப்புத் துறையையும் தேசிய பேரிடர் மீட்புப் படையையும் சார்ந்தது. இரண்டாவது குழு காவல் துறையையும் தேசிய பாதுகாப்புப் படையையும் சார்ந்தது. இரண்டும் தனித்தனியே தோன்றி, தனித்தனிச் சட்டங்களின் கீழ் வளர்ந்தவை. ஆனால் பெரும் உயிர்ச்சேதம் நிகழ்ந்த பல விபத்துகள் இந்த இரு துறைகளும் சந்திக்கும் எல்லையில் நடந்தவை. முதலில் வந்து சேரும் குழுவுக்கு மற்றக் குழுவின் ஆபத்து தெரியாமல் போனதே அவற்றில் பொதுவாகக் காணப்படும் குறை. கூட்டுப் பயிற்சியின் வரலாறு இந்தக் குறையை நீக்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாறாகும்.

இரு குழுக்கள், இரு பழக்கங்கள்

வேதிப்பொருள் மீட்புக் குழு, காற்று வீசும் திசையை அறிந்து, காற்றுக்கு எதிர்ப்புறத்திலிருந்து வரும் புகையோ ஆவியோ தம்மைத் தாக்காத பக்கமாக நெருங்கும். கசிவை அடைப்பது, ஆவியை நீர்த்திவலையால் அடக்குவது, பாதிக்கப்பட்டோரை வெளியேற்றி நீரால் கழுவித் தூய்மைப்படுத்துவது ஆகியவை அதன் முதன்மைப் பணிகள். இதற்குப் பலர் தேவை. அவர்களுக்கிடையே தொடர்ந்து வாக்கி டாக்கியில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

வெடிகுண்டுக் குழுவின் பழக்கம் இதற்கு நேர்மாறானது. ஆபத்துப் பகுதியில் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பொருளைத் தொடவோ நகர்த்தவோ கூடாது. சில வகை வெடிப்பிகள் வானொலி அலைகளால் தூண்டப்படக்கூடும் என்பதால் அருகில் வாக்கி டாக்கியும் கைபேசியும் பயன்படுத்தப்படுவதில்லை. வெடித்த பிறகும் இரண்டாவது குண்டு இருக்கலாம் என்ற ஐயத்துடனேயே குழு உள்ளே செல்லும். சிதறிய ஒவ்வொரு துண்டும் வழக்குக்கான தடயம் என்பதால் இடத்தை நீரால் கழுவுவதை அது விரும்பாது.

உடைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. வெடிகுண்டு நிபுணர் அணியும் கவச உடை ஏறத்தாழ 35 முதல் 40 கிலோ எடை கொண்டது. அது அதிர்ச்சி அலையையும் சிதறல்களையும் தாங்கும். நச்சு ஆவியைத் தடுக்காது. வேதிப்பொருள் மீட்பாளரின் முழுமையாக மூடப்பட்ட உடை ஆவியைத் தடுக்கும். வெடிப்பைச் சிறிதும் தாங்காது. ஆகவே நச்சுப்பொருளும் வெடிபொருளும் சேர்ந்திருக்கும் இடத்தில் எந்த ஒரு குழுவும் தனியே முழுப் பாதுகாப்புடன் செயல்பட முடியாது.

பம்பாய்த் துறைமுகம், 1944

இந்தியாவில் இந்த எல்லைக்கோட்டின் விலையை முதலில் உணர்த்திய நிகழ்வு பம்பாய்த் துறைமுக வெடிவிபத்து. இரண்டாம் உலகப் போரின்போது 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருட்களும், பருத்திப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும், மரமும் ஏற்றப்பட்டிருந்தன. எளிதில் தீப்பற்றும் சரக்கும் வெடிக்கும் சரக்கும் ஒரே கப்பலில் இருந்தன.

1944 ஏப்ரல் 14 அன்று பிற்பகலில் பருத்திப் பொதிகளிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து தம் பயிற்சிப்படி நீரைப் பாய்ச்சினர். தீயின் மூலம் எங்கே என்று கண்டறிய இயலவில்லை. கப்பலைக் கடலுக்குள் இழுத்துச் செல்வதா, நின்ற இடத்திலேயே மூழ்கடிப்பதா, தொடர்ந்து தீயணைப்பதா என்பதில் அங்கிருந்த அதிகாரிகளிடையே ஒரே முடிவு ஏற்படவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் தெளிவாக இல்லை. மாலை 4 மணியைக் கடந்த சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்திற்குள் இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதிர்வு சிம்லாவிலிருந்த நிலநடுக்கமானியிலும் பதிவானது.

இறந்தவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 ஆண்டுதோறும் நாடு முழுவதும் தீயணைப்புச் சேவை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டுத் தீயணைப்பு நிலையங்களில் இது தீத்தொண்டு வாரத்தின் தொடக்க நாளாகும். பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் நடத்தப்படும் தீத்தடுப்புச் செயல்விளக்கங்களின் பின்னணியில் வெடிபொருளும் தீயும் ஒன்றுசேர்ந்த இந்த விபத்து இருப்பதைப் பலர் அறிவதில்லை.

உலக அளவில் தொடர்ந்த விபத்துகள்

பம்பாய் விபத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பலில் தீப்பிடித்தது. உரமாகக் கருதப்பட்ட அப்பொருள் வெடித்ததில் 580க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நகரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஏறத்தாழ அனைவரும் அதில் அடங்குவர்.

2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 173 பேர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தீயணைப்பு வீரர்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. சாதாரணத் தீ என்ற தகவலின்பேரில் அங்கு அனுப்பப்பட்ட 10 பேர் கொண்ட தீயணைப்புக் குழு முழுவதும் அழிந்தது.

இந்த நான்கு நிகழ்வுகளுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு இடைவெளி உண்டு. ஆயினும் முதலில் சென்றவர்கள் துணிவிலோ வேகத்திலோ குறைந்தவர்கள் அல்லர். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடே இல்லாதிருந்தது.

1984: இரு பாதைகளின் தொடக்கம்

இந்தியாவில் இவ்விரு துறைகளின் இன்றைய அமைப்பை வடிவமைத்த இரண்டு நிகழ்வுகள் 1984ஆம் ஆண்டில், நான்கு மாத இடைவெளியில் நடந்தன.

1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்ததில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குண்டு பற்றித் தொலைபேசியில் எச்சரிக்கை வந்திருந்தும் பெட்டிகள் உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டி போபாலில் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வளி கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். கசிந்த வளி எது, அதற்குரிய சிகிச்சை எது என்பது மருத்துவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் தெரியாதிருந்தது.

முதல் வகை ஆபத்துக்கான பதில் காவல் துறை வழியாக வந்தது. 1988இல் தேசிய பாதுகாப்புப் படையின் கீழ் தேசிய வெடிகுண்டுத் தரவு மையம் மானேசரில் தொடங்கப்பட்டது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டது தமிழ்நாட்டின் பாதுகாப்பு முறைகளை மாற்றியது. 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். அப்போது ஆர்.எஸ்.புரத்தில் வெடிபொருள் நிரப்பி நிறுத்தப்பட்டிருந்த காரைச் செயலிழக்கச் செய்யும் பணி நிபுணர்களுக்குப் பெரும் சோதனையாக அமைந்தது. இதன் பின்னர் மோப்ப நாய், உலோகம் கண்டறியும் கருவி, கவச உடை ஆகியவற்றுடன் கூடிய வெடிகுண்டுப் பிரிவுகள் மாவட்டங்களில் பழக்கமான காட்சியாயின. 2009இல் தேசிய பாதுகாப்புப் படையின் வட்டார மையம் சென்னையில் அமைந்தது.

இரண்டாவது வகை ஆபத்துக்கான பதில் சுற்றுச்சூழல் சட்டங்கள் வழியாக வந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகரமான வேதிப்பொருட்களைத் தயாரித்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் பற்றிய விதிகளும் இயற்றப்பட்டன. இவ்விதிகளின்படி பெரிய ஆபத்துள்ள தொழிற்சாலைகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை உள்வளாக ஒத்திகை நடத்த வேண்டும். ஆலைக்கு வெளியிலுள்ள பகுதிக்கான ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடைபெற வேண்டும். 1996ஆம் ஆண்டு விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழுக்களை அமைத்தன.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையொட்டி 2006இல் தேசிய பேரிடர் மீட்புப் படை தோற்றுவிக்கப்பட்டது. அதன் நான்காம் படைப்பிரிவு அரக்கோணத்தில் உள்ளது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றோடு வேதி, உயிரி, கதிரியக்க, அணு ஆபத்துகளையும் கையாள இப்படைக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் தொழிற்சாலை வேதிப் பேரிடர்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2007இலும், வேதிப்பொருள் பயங்கரவாதத்துக்கான நெறிகளை 2009இலும் வெளியிட்டது. இந்த 2009ஆம் ஆண்டு நெறிகளில்தான் வேதி ஆபத்தும் குற்றச்செயலும் ஒரே தலைப்பின்கீழ் சேர்ந்தன.

இரண்டும் ஒன்றாக வந்த நிகழ்வுகள்

1995 மார்ச் 20 அன்று ஜப்பானில் டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் என்ற நச்சு பரப்பப்பட்டது. மீட்கச் சென்ற தீயணைப்பு வீரர்களும், பாதிக்கப்பட்டோரின் உடைகளிலிருந்து எழுந்த ஆவியைச் சுவாசித்த மருத்துவமனை ஊழியர்களும் பாதிப்புக்குள்ளாயினர். குற்றம் நடந்த இடமே நச்சுப் பகுதியாகவும் இருக்கலாம் என்பதை உலக நாடுகளின் காவல் துறைகளுக்கு உணர்த்திய நிகழ்வு இது.

இந்தியாவில் இரும்புக் கழிவு வணிகம் இந்தச் சந்திப்புக்கு வழிவகுத்தது. 2004 செப்டம்பர் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் அருகே ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த போர்க்கால வெடிபொருள் வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலிருந்து ஏலத்தில் விற்கப்பட்ட கருவியிலிருந்த கோபால்ட்-60 கதிரியக்கப் பொருள் பிரிக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். ஒரே வகைக் கடையில் ஒருமுறை வெடிகுண்டும் மறுமுறை கதிரியக்கப் பொருளும் வந்து சேர்ந்தன. முதலில் அழைக்கப்படும் காவலருக்கு எது எது என்று பார்வையால் தெரிய வழியில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். உதவிக்காக ஓடிவந்தவர்களும் பார்க்கக் கூடியவர்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கியது இழப்பைப் பெரிதாக்கியது. முதல் வெடிப்புக்குப் பின் யார் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமான கேள்வி என்பதை இந்நிகழ்வு காட்டியது.

விபத்து நேராமல் முடிந்த ஒரு நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. 2015இல் சுங்கத் துறை கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட் சென்னை மணலி அருகே சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்து ஆண்டுகளாக இருந்தது. 2015 வெள்ளத்தில் ஒரு பகுதி வீணானது போக, 37 பெட்டகங்களில் ஏறத்தாழ 697 டன் எஞ்சியிருந்தது. 2011இல் வெடிபொருளாக அறிவிக்கப்பட்டு, 2012 முதல் தனி விதிகளின்கீழ் வந்த பொருள் அது. பெய்ரூட் விபத்தின் செய்தி வந்த பிறகே அதன் மீது கவனம் திரும்பியது. சில நாட்களிலேயே அது பாதுகாப்புடன் ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஒரு பொருளை ஒரு துறை சரக்காகவும் மற்றொரு துறை வெடிபொருளாகவும் பார்க்கும் நிலையில், இரண்டும் ஒன்றாக அமர்ந்து பேசும்போது ஆபத்து எவ்வளவு விரைவில் நீங்குகிறது என்பதற்கு இது சான்று.

கூட்டுப் பயிற்சியில் கற்பிக்கப்படுபவை

கூட்டுப் பயிற்சியின் முதல் பாடம் தலைமை பற்றியது. பல துறைகள் கூடும் இடத்தில் இறுதி முடிவு யாருடையது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். பம்பாயில் இல்லாதிருந்தது இதுவே. இந்தியாவில் மாவட்ட அளவில் இப்பொறுப்பு மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தைச் சாரும். சம்பவ இடத்தில் ஒரே கட்டளை அதிகாரி இருப்பார்.

இரண்டாவது பாடம் வளையங்கள் பற்றியது. சம்பவ இடம் ஆபத்து வளையம், தூய்மைப்படுத்தும் வளையம், பாதுகாப்பு வளையம் என மூன்றாகப் பிரிக்கப்படும். வேதிப்பொருளுக்கு இந்த எல்லை காற்றின் திசைக்கேற்ப நீளும். வெடிபொருளுக்கு எல்லாத் திசைகளிலும் வட்டமாக விரியும். இரண்டும் சேர்ந்த இடத்தில் இரு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரியதை எல்லையாகக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது பாடம் அடையாளம் காணுதல். டேங்கர் லாரிகளில் ஒட்டப்பட்டுள்ள ஆபத்துப் பலகையில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நான்கிலக்க எண்ணும் அவசரச் செயல் குறியீடும் இருக்கும். எடுத்துக்காட்டாக 1005 என்பது அம்மோனியாவையும், 1017 என்பது குளோரினையும், 1942 என்பது அம்மோனியம் நைட்ரேட்டையும் குறிக்கும். இப்பலகையைப் படிக்க வெடிகுண்டுக் குழுவினர் கற்கின்றனர். ஐயத்துக்குரிய பையையோ கம்பி இணைப்பையோ கண்டால் தொடாமல் பின்வாங்கத் தீயணைப்பு வீரர்கள் கற்கின்றனர்.

நான்காவது பாடம் வேலைகளின் வரிசை. வெடிகுண்டுக் குழு சில வேளைகளில் அதிவேக நீர்த்தாரையால் பொருளைச் சிதறடித்துச் செயலிழக்கச் செய்யும். அருகில் நச்சு உருளை இருந்தால் அந்தச் செயலே கசிவை உண்டாக்கும். நீருடன் வினைபுரியும் வேதிப்பொருள் இருந்தால் தீயணைப்புக் குழுவின் குழாய் நீரே ஆபத்தாகும். எனவே யார் முதலில் உள்ளே செல்வது, எந்தக் கருவியைப் பயன்படுத்துவது, வெளியே வரும் நிபுணரின் கனமான கவச உடையை எப்படித் தூய்மைப்படுத்துவது, மயங்கி விழுந்தவரை எப்படி வெளியே கொண்டுவருவது ஆகியவை மீண்டும் மீண்டும் செய்து பார்க்கப்படுகின்றன. தடயங்களைப் பாதுகாத்தபடியே இடத்தைத் தூய்மைப்படுத்துவதும் இதில் அடங்கும்.

விருத்தாசலம் வட்டாரம்

இத்தகைய பயிற்சி பெருநகரங்களுக்கும் துறைமுகங்களுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற ஊர். விருத்தகிரீசுவரர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் அறியப்பட்ட இவ்வூரில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உள்ளன. நெய்வேலிப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு ஆதாரமாக அமைந்தது. அகல் விளக்கு, பொம்மை, மின்காப்புப் பொருட்கள் எனப் பலவும் இங்கு சூளையில் சுடப்படுகின்றன.

பீங்கான் தொழில் தன்னளவில் பெரும் ஆபத்துள்ள தொழில் அன்று. எனினும் சூளைகளுக்கான எண்ணெயும் எரிவாயுவும், மெருகுப் பூச்சில் சேரும் உலோக ஆக்சைடுகளும் கவனமாகக் கையாளப்பட வேண்டியவை. ஊரின் அமைவிடம் இதைவிட முக்கியமானது. விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையும் கடலூர் – சேலம் இருப்புப்பாதையும் விருத்தாசலம் சந்திப்பில் கூடுகின்றன. அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரியின் மேலுள்ள கடினமான கடலூர் மணற்பாறையைத் தளர்த்த வெடிவைக்கப்படுகிறது. கிழக்கே கடலூர் சிப்காட் வளாகத்தில் வேதித் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. வெடிபொருளும் வேதிப்பொருளும் ஒரே மாவட்டச் சாலைகளில் பயணிக்கின்றன.

ஓராண்டுக்குள் இம்மாவட்டம் மூன்று வகை விபத்துகளைக் கண்டது. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்தில் தொழிலாளர்கள் பலர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியில் நாட்டுவெடி தயாரிப்பிடம் வெடித்துப் பெண் தொழிலாளர்கள் பலர் பலியாயினர். 2021 மே 13 அன்று கடலூர் சிப்காட்டில் வேதித் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆபத்து வகையைச் சேர்ந்தவை. முதலில் சென்றவர்கள் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தினரும் காவல் நிலையத்தினருமே.

அரக்கோணத்திலிருந்து விருத்தாசலம் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைத் தொலைவில் உள்ளது. சிறப்புப் படை புறப்பட்டு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். பம்பாயில் புகை தெரிந்ததற்கும் கப்பல் வெடித்ததற்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே சிறப்புப் படையின் கூட்டுப் பயிற்சி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், முதல் மணி நேரத்தில் எடுக்கப்படும் முடிவு உள்ளூர் ஊழியர்களுடையது. கசிந்த டேங்கரின் ஓட்டுநர் அறையில் கேட்பாரற்ற பை கிடந்தால், அல்லது பழைய இரும்புக் கடையில் அடையாளம் தெரியாத உருளை இருந்தால், நெருங்குவதா நிற்பதா என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

இன்றைய நிலையும் தேவையும்

துறைமுகம், விமான நிலையம், அணுமின் நிலையம் ஆகிய இடங்களில் பல துறைகள் பங்கேற்கும் ஒத்திகைகள் நடைபெற்று வருகின்றன. 2025 மே 7 அன்று நாடு முழுவதும் நடந்த குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகையின்போது தமிழ்நாட்டில் கல்பாக்கமும் சென்னைத் துறைமுகமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. தொழிற்சாலைகளின் ஆண்டு ஒத்திகையோ பெரும்பாலும் வளிக்கசிவு அல்லது தீ என்ற ஒற்றை ஆபத்தைக் கருதியே அமைகிறது. வெடிகுண்டு ஒத்திகை பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ தனியே நடக்கிறது. இரண்டையும் ஒரே காட்சியாக அமைத்து, தாலுகா அளவிலான தீயணைப்பு, காவல், ரயில்வே, மருத்துவமனை ஊழியர்களை அதில் சேர்ப்பது அடுத்த படியாகும். விருத்தாசலம் போன்ற ஊரில் பீங்கான் நிறுவனத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் வேதிப்பொருட்களை அடையாளம் காண்பதில் இக்குழுவுக்குத் துணைநிற்க முடியும்.

இதற்குப் பெருஞ்செலவுள்ள கருவிகள் முதலில் தேவைப்படுவதில்லை. ஆபத்துப் பலகையின் எண்களைப் படிக்கத் தெரிதல், தொலைவு காத்தல், கூட்டத்தை விலக்குதல், யாரை அழைப்பது என்று அறிதல், தமக்குத் தெரியாததை மற்றக் குழுவிடம் தயங்காமல் கேட்டல் ஆகியவையே அடிப்படை. 1944இல் பம்பாய்க் கப்பல்துறையில் இறந்த 66 தீயணைப்பு வீரர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு நிலையங்களில் அவர்களுக்கு மலர்வளையம் வைக்கப்படுகிறது. அந்த வாரத்து ஒத்திகையில் வெடிகுண்டுக் குழுவுக்கும் ஓரிடம் தரப்படுமானால், அவர்கள் இறந்த காரணத்தோடு நேரடித் தொடர்புடைய நினைவேந்தலாக அது அமையும்.